பழைய பாலத்த செக் பண்ணி ரிப்பேர் பண்றது எப்படி

பழைய கான்கிரீட் பாலம்னா மேல ரோட்டப் பாக்காம மொதல்ல அடியில போங்க, அதுலயும் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்டுக்கு (சூட்டுல பாலம் விரிய விட்ட இடைவெளி) நேர் கீழ, ஏன்னா தண்ணி ஒழுகி கர்டர் (பாலத்தத் தாங்குற உத்திரம்) முனையும் அது உக்காந்திருக்கிற பேரிங்கும் பெரும்பாலும் அங்கதான் கெடும். சுத்தியலால தட்டிட்டே வாங்க, கணீர்னு கேட்டா ஓகே, டொப்புன்னு கேட்டா உள்ள கான்கிரீட் பிரிஞ்சிருக்கு, சாக்பீஸால வட்டம் போட்டுக்கோங்க. புதுசா ஒடச்ச எடத்துல பினால்ஃப்தலீன் (காரம் இருந்தா ரோஸ் ஆகுற கெமிக்கல்) அடிங்க, ரோஸ் கலர் வரலன்னா கார்பனேஷன் ஆயிருச்சு, அதாவது காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு ஏறி கம்பியக் காப்பாத்துற காரம் போயிருச்சு (கம்பியத் துருப்பிடிக்க வைக்கிற உப்ப இது காட்டாது, அதுக்குத் தனியா குளோரைடு டெஸ்ட்).

ரிப்பேர்னு மேலாப்புல பூசிட்டுப் போறது சுத்த வேஸ்ட்டு. முட்டு குடுக்கணுமான்னு இன்ஜினியர்ட்ட கேட்டுட்டு, கம்பிக்குப் பின்னாடி 20 மில்லிமீட்டராவது கொத்தி, துருவ சுத்தமா எடுத்துட்டு மைக்ரோ கான்கிரீட் (பொடி ஜல்லி போட்ட, தானா ஓடிப் பரவுற கான்கிரீட்) ஊத்துங்க. ஜாயின்ட் ஒழுகல அடைக்கலன்னா திரும்ப அதே எடம்தான் பேந்துரும்.