மகாமகக் குளத்திலிருந்து காவிரி வரை: கும்பகோணத்தில் நடக்கத் தொடங்குபவர்களுக்கு

"தினமும் கொஞ்சம் நடங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டால் கும்பகோணத்துக்காரர்கள் உடனே கேட்பது, "எங்கே போய் நடக்கிறது?" என்பதுதான். தெருவில் இறங்கினால் ஆட்டோ, டூவீலர். முகூர்த்த நாள் என்றால் வேன் வேனாக வெளியூர்க் கூட்டம். நடைபாதை போட்ட பெரிய பூங்கா வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தால் நடை தொடங்கவே தொடங்காது. நம் ஊரில் இருப்பவை குளங்கள். குளத்துக்கும் குளத்துக்கும் நடுவே கோயில் வீதிகள், வடக்கே போனால் காவிரி. இவற்றை ஒன்றாகக் கோத்தாலே ஒரு மணி நேர நடைக்கு வழி வந்துவிடும். அதை முதல் நாளே முழுதாக நடக்க வேண்டியதில்லை. முதலில் ஒரு குளம், அது பழகியதும் அடுத்தது.

முதலில் நேரம்

விடிந்ததும் கிளம்புங்கள். ஆறு மணிக்கு முன்னால் கிளம்பினால் இன்னும் நல்லது. ஏழரைக்கு மேல் ஸ்கூல் வேன்கள் வந்துவிடும், அப்புறம் வீதி உங்களுடையதல்ல. சித்திரை, வைகாசியில் வெயிலும் அதே நேரத்தில் ஏறிவிடும். மாலையில்தான் முடியும் என்பவர்கள் குளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; கடைத்தெருப் பக்கம் மாலையில் நடப்பது நடை ஆகாது, நெளிவது.

கையில் தண்ணீர் பாட்டில், பையில் கொஞ்சம் சில்லறை, ஐப்பசி, கார்த்திகையில் குடை. பாதத்தில் நழுவாத காலணி. விலை உயர்ந்த ஷூ எதுவும் தேவையில்லை. பின்னால் வார் உள்ள செருப்பே போதும், கோயில் வாசலில் கழற்றி மாட்டவும் சுலபம்.

முதல் படி: குளத்தை மட்டும் சுற்றுங்கள்

மகாமகக் குளத்தின் வடகரையில் காசி விசுவநாதர் கோயில் வாசலில் தொடங்குங்கள். எல்லோரும் வலமாகத்தான் சுற்றுவார்கள், நீங்களும் அப்படியே போய்விடுங்கள். எதிர்த்திசையில் போனால் ஒவ்வொரு தெரிந்த முகத்துக்கும் நின்று பதில் சொல்லியே காலை போய்விடும்.

மகாமகக் குளம் சுமார் 6.2 ஏக்கர். ஒரு முறை சுற்றினால் அறுநூறு மீட்டருக்கு மேல் வரும். குளம் சரியான சதுரம் இல்லை, நான்கு கரையும் ஒரே நீளமும் இல்லை. அதனால் "ஒரு கரைக்கு இத்தனை நிமிடம், நான்கால் பெருக்கு" என்று கணக்குப் போடாதீர்கள். கணக்குக்கு வேறு நல்ல வழி இருக்கிறது. கரையைச் சுற்றி 16 மண்டபங்கள். தஞ்சை நாயக்கர்களிடம் அமைச்சராக இருந்த கோவிந்த தீட்சிதர் கட்டியவை. ஒவ்வொன்றிலும் ஒரு சிவலிங்கம். தொடங்கும்போது எது வரை மூச்சு வாங்காமல் வர முடிந்தது என்று ஒரு மண்டபத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் அதற்கடுத்த மண்டபம். செல்போனில் அடிகளை எண்ணுவதைவிட இது எனக்குப் பிடித்த முறை, ஏனென்றால் குனிந்து திரையைப் பார்க்க வேண்டியதில்லை.

வேகம் எவ்வளவு? கூட வருபவரோடு பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் அளவு. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐந்து நாளுக்குப் பிரித்தால் தினம் அரை மணி. முதல் வாரம் இரண்டு சுற்றுப் போதும். நான்கு சுற்று, அதாவது இரண்டரை கிலோமீட்டர், களைப்பில்லாமல் வந்தபிறகு அடுத்த படிக்குப் போகலாம். மூட்டுவலி, இதயக் கோளாறு உள்ளவர்கள் இந்தக் கணக்கை டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

மூச்சு வாங்கினால் மண்டப நிழலில் உட்காருங்கள். உட்கார்ந்தால் அண்ணாந்து பாருங்கள். ஒரு மண்டபத்தின் விதானத்தில் அரசர் துலாபாரம் ஏறும் சிற்பம் இருக்கிறது. தினமும் சுற்றுகிறவர்களில் பலர் அதைப் பார்த்ததே இல்லை.

ஒரு எச்சரிக்கை: நடை கரையில்தான், படியில் அல்ல. காலைப் பனியிலும் மழைக்காலத்திலும் கீழ்ப்படிகளில் பாசி இருக்கும். மாசி மகத்தன்று குளத்துப் பக்கமே போக வேண்டாம், நடக்க இடமிருக்காது. 2028இல் மகாமகம் வருகிறது. அந்த மாதம் முழுவதும் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: பொற்றாமரை வரை

குளத்தில் ஒரு சுற்று முடித்து உடம்பு சூடானதும் வடமேற்காகப் பிடியுங்கள். நாகேசுவரன் கோயிலைத் தாண்டினால் சாரங்கபாணி சன்னதி தெரு. வழி தவற முடியாது. சாரங்கபாணி கோயிலின் பதினோரு நிலைக் கோபுரம் 173 அடி உயரத்தில் எதிரே நிற்கும். அதைப் பார்த்தே நடக்கலாம்.

இந்தத் தெருவில் நடக்கும்போது தரையைப் பாருங்கள். அந்த நேரத்தில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். பாதி ஈரம், பாதி புள்ளி. இழை இன்னும் சேர்ந்திருக்காது. இழுத்துக்கொண்டிருக்கிற கை நிற்கும்படி குறுக்கே போகாமல் இரண்டடி ஒதுங்கிப் போனால் மறுநாள் முதல் அந்த வீட்டில் உங்களைப் பார்த்து ஒரு தலையசைப்பு கிடைக்கும்.

கணித மேதை இராமானுஜன் வளர்ந்த வீடு இதே தெருவில் இருக்கிறது. 1887இல் ஈரோட்டில் பாட்டி வீட்டில் பிறந்தவர், வளர்ந்தது இங்கே. சின்ன ஓட்டு வீடு, இப்போது நினைவில்லம். காலை நடையில் வெளியிலிருந்து பார்த்தால் போதும், உள்ளே போவதற்கு வேறொரு நாள் நிதானமாக வாருங்கள்.

கோயிலைச் சுற்றியுள்ள வீதி வழியாக மேற்கே போனால் பொற்றாமரைக் குளம். கிழக்கே சாரங்கபாணி, மேற்கே கும்பேசுவரர், நடுவில் குளம். ஹேமரிஷி தவமிருந்தபோது தாயார் கோமளவல்லி தாமரையில் தோன்றியது இந்தக் குளத்தில் என்பது தலபுராணம். மகாமகக் குளத்தைவிடச் சிறியது என்பதால் இங்கே சுற்றுக்கணக்கு வேண்டாம். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்த வழியே திரும்புங்கள்.

இந்த இடத்தில் என் கருத்து ஒன்று. நடையையும் தரிசனத்தையும் சேர்க்காதீர்கள். "வந்ததுதான் வந்தோம்" என்று கும்பேசுவரர் கோயிலுக்குள் போனால் அந்த நீண்ட கடை மண்டபத்தில் வளையல், பித்தளை விளக்கு, குங்குமச் சிமிழ் என்று கால் தானாக நின்றுவிடும். வரிசையில் நிற்பது நடையில் சேராது. வெள்ளிக்கிழமை கோயில், மற்ற நாள் நடை என்று பிரித்துக்கொண்டால் இரண்டுமே உருப்படும்.

மூன்றாம் படி: காவிரிக்கரை

பொற்றாமரை வரை போய்வருவது சாதாரணமாகிவிட்டதா? சரி, இனி திரும்பாமல் வடக்கே போங்கள். சக்கரபாணி கோயில் வரும், அதைத் தாண்டினால் சக்கரப் படித்துறை.

இங்கே எப்போது தண்ணீர் இருக்கும் என்பது மேட்டூரைப் பொறுத்தது. வழக்கமாக ஜூன் 12இல் அணை திறப்பார்கள். கல்லணை தாண்டி இங்கே வந்து சேர நாளாகும். அதுவரை மணல்தான். மணலைப் பார்த்ததும் ஆற்றுக்குள் இறங்கி நடக்கத் தோன்றும். கோடையில் பரவாயில்லை, ஆனால் திறப்பு அறிவித்த பிறகு இறங்காதீர்கள். புதுத்தண்ணீர் வந்தபிறகு படியில் கால் நனைப்பதானால் துணைக்கு ஆள் இருக்கும்போது மட்டும். ஆடிப்பெருக்கன்று படித்துறை முழுக்கக் காப்பரிசியும் மஞ்சள் கயிறுமாக இருக்கும். அன்று நடக்க இடம் கிடைக்காது, ஆனாலும் போய்ப் பாருங்கள்.

திரும்பும்போது கடைத்தெரு வழியாகவே வரலாம். கடைகள் திறக்காத நேரத்தில் அகலமாகவே இருக்கும். மகாமகக் குளத்துக்கு வந்து சேரும்போது ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். வழியில் டிகிரி காபி வாசனை வரும், தடுக்க முடியாது. குடியுங்கள். சர்க்கரைக்காக நடப்பவர்கள் மட்டும் டபராவில் ஊற்றும் முன்பே "சர்க்கரை வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள்.

நாய்த்தொல்லை பற்றிப் பலர் கேட்பார்கள். கூட்டமாக நிற்கும் இடத்தில் ஓடாதீர்கள், முறைத்துப் பார்க்காதீர்கள், வேகத்தைக் குறைத்து எதிர்ப்பக்கம் போய்விடுங்கள். மீறிக் கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போக வேண்டும்.

வெளியூர் போகும்போது

இதே முறையைப் பக்கத்து ஊர்களிலும் வைத்துக்கொள்ளலாம். மன்னார்குடி ஹரித்ராநதி 23 ஏக்கர். பெயரில் நதி, ஆள் தெப்பக்குளம். ஒரு சுற்றே ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். மகாமகக் குளத்தில் நான்கு சுற்று பழகியவருக்கு அங்கே இரண்டு சுற்று. நடுவில் தீவு போல வேணுகோபாலன் சன்னதி இருப்பதால் கண்ணுக்கும் வேலை உண்டு.

தஞ்சாவூரில் பெரிய கோயிலை ஒட்டியே சிவகங்கைப் பூங்காவும் குளமும். சேப்பனாவாரி என்று சொல்கிறோமே, செவ்வப்பநாயக்கன் ஏரி, அங்கிருந்து பூமிக்கடியில் வாய்க்கால் போட்டுத் தெளிந்த மழைநீரை இந்தக் குளத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது சரியான இடம், நடை என்னவோ குறைவுதான்.

திருவாரூர்க் கமலாலயத்தை "கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி" என்பார்கள். ஒரு வேலி ஆறே முக்கால் ஏக்கர் போல. ஐந்து வேலி முப்பத்து மூன்று ஏக்கருக்குக் குறையாது. ஒரு சுற்று ஒன்றரை கிலோமீட்டர் போல வரும். மூன்றாம் படியை முடித்தவர்கள் மட்டும் இரண்டு சுற்று முயலலாம். தேரோட்ட நாளில் போனால் நடைக்கு லீவு விட்டுவிட்டு ஆழித்தேர் வடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், உடற்பயிற்சிக்கு அதுவே அதிகம்.