லேப்டாப்புக்கு வயர்லெஸ் மவுஸ்: உப்புக்காற்று ஊரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"மாமா, இதை எங்கே சொருகணும்?"

அக்கா மகள் கேட்டபோது எனக்கும் உடனே பதில் வரவில்லை. திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை கிடைத்து, அலுவலகத்தில் மெல்லிசான புது லேப்டாப் கொடுத்திருந்தார்கள். அதற்கென்று ஆசையாக ஆன்லைனில் ஒரு வயர்லெஸ் மவுஸ் வாங்கியிருந்தாள். பெட்டியைப் பிரித்து, நகக்கண் அளவு இருந்த ரிசீவரை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, லேப்டாப்பை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு டைப் சி துளை, ஒரு ஹெட்போன் துளை. அவ்வளவுதான். பழைய அகலமான யு.எஸ்.பி. துளை ஒன்றுகூட இல்லை.

குமரி மாவட்டம் குளச்சலில் வீட்டில் இருந்தபடியே கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. காலையில் மவுஸில் வைத்த கையை ராத்திரிதான் எடுப்பேன். அதனால் இந்தச் சின்னச் சாமானைப் பற்றி எனக்கு அக்கறை அதிகம். வாங்குகிறவர்கள் பெட்டியைப் பார்க்கிறார்கள், படத்தைப் பார்க்கிறார்கள், எத்தனை ஸ்டார் என்று பார்க்கிறார்கள். தங்கள் லேப்டாப்பையும் மேசையையும் கையையும் பார்ப்பதில்லை. நம் மாவட்டத்தில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: காற்று.

துளையைப் பார்க்காமல் வாங்குவது

வயர்லெஸ் மவுஸ் இரண்டு விதம். ஒன்று, ரிசீவரோடு வருவது. டாங்கிள் என்றும் சொல்வார்கள். அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மவுஸோடு பேசும். சொருகினால் போதும், உடனே ஓடும். விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே வருகிற செட்டிங் திரையிலும் பெரும்பாலும் வேலை செய்யும். இன்னொன்று புளூடூத். அதற்குத் துளையே வேண்டாம். ஆனால் முதல் தடவை லேப்டாப்போடு இணைத்துக் கொடுக்க வேண்டும்; சும்மா கிடந்த மவுஸை மறுபடி தொட்டால் விழித்துக்கொள்ள ஒரு நொடி, இரண்டு நொடி எடுக்கும். இன்னும் விண்டோஸ் 7 ஓட்டுகிறவர்கள் புளூடூத் மவுஸ் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. இன்றைய புளூடூத் மவுஸ்கள் குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகை புளூடூத்தில் வேலை செய்பவை. விண்டோஸ் 8 முதல்தான் அது நேராக ஒத்துப்போகும்.

அலுவலக லேப்டாப் என்றால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. சில நிறுவனங்கள் பாதுகாப்புக்காக புளூடூத்தை முடக்கி வைத்திருக்கும். வாங்கும் முன் ஐ.டி. பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எதுவும் நிச்சயமாகத் தெரியாவிட்டால், ரிசீவரும் புளூடூத்தும் சேர்ந்தே இருக்கும் மவுஸை வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடும். லேப்டாப் மாறினாலும் மவுஸ் மாற்ற வேண்டியதில்லை என்பதால் அந்தக் காசு வீண் இல்லை.

ரிசீவரைத் தொலைத்தால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் வாங்குவதும் இதோடு சேர்ந்த தவறுதான். மலிவு மவுஸ்களில் அந்த ரிசீவருக்கும் அந்த மவுஸுக்கும் தொழிற்சாலையிலேயே முடிச்சுப் போட்டு அனுப்புகிறார்கள். ரிசீவர் போனால் மவுஸும் போச்சு. லாஜிடெக் நிறுவனத்தின் யூனிஃபையிங், போல்ட் போன்ற வகைகளில் ரிசீவரைத் தனியாக வாங்கி மறுபடி இணைத்துக்கொள்ளலாம். ஒரே ரிசீவரில் ஆறு சாதனங்கள் வரை சேர்க்கவும் செய்யலாம். எந்த மவுஸ் வாங்கினாலும் கவிழ்த்துப் பாருங்கள். ரிசீவரை ஒளித்துவைக்க அடியிலோ செல் மூடிக்குள்ளோ ஒரு சின்னப் பொந்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாகர்கோவிலிலிருந்து காலை ரயிலில் திருவனந்தபுரம் போகிறவர்களுக்கு அந்தப் பொந்து ரொம்ப முக்கியம். ரிசீவரைச் சொருகியபடியே லேப்டாப்பைப் பைக்குள் திணித்து, கூட்டத்தில் நெரிபட்டால், ரிசீவர் வளைவதோடு லேப்டாப்பின் துளையும் ஆடிப்போகும்.

அப்புறம், நல்ல மவுஸைக் கெட்டது என்று நினைத்துத் தூக்கிப் போடுவது. அம்பு திக்கித் திக்கி நகர்ந்தால் முதலில் ரிசீவருக்குப் பக்கத்துத் துளையில் என்ன சொருகியிருக்கிறது என்று பாருங்கள். யு.எஸ்.பி. 3.0 ஹார்ட் டிஸ்க்கோ பென் டிரைவோ வேகமாக வேலை செய்யும்போது அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் எழுப்பும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை விளக்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. ரிசீவரை எதிர்ப்பக்கத் துளைக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இல்லையென்றால் ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன் வயரில் சொருகி, மவுஸுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள்.

பேர் ஊர் தெரியாத ரிசீவர் மவுஸை வங்கி வேலைக்கும் கணக்கு வேலைக்கும் நான் சொல்ல மாட்டேன். 2016-இல் பாஸ்டில் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 'மவுஸ்ஜாக்' என்ற ஓட்டையை வெளியே சொன்னது. பல வயர்லெஸ் மவுஸ்கள் ரிசீவரோடு பேசுவதைப் பூட்டாமல் அனுப்பின. அந்த வழியாகத் தள்ளி நிற்கும் ஒருவர் உங்கள் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்வது போலக் கட்டளைகளை நுழைக்க முடிந்தது. அதில் பெரிய நிறுவனங்களின் ரிசீவர்களும் மாட்டின. ஆனால் அவர்களில் சிலர் திருத்தம் வெளியிட்டார்கள். பேர் இல்லாத மவுஸுக்குத் திருத்தம் யாரிடம் கேட்பது? புளூடூத் மவுஸ்களை இந்த ஓட்டை தொடவில்லை.

பளபள மேசை

நம் வீடுகளில் கிரானைட்டும் கண்ணாடி டீப்பாயும் பளிங்கு போன்ற டைல்ஸும்தான். அதன் மேல் மவுஸை வைத்து, "அம்பு குதிக்குது" என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. மவுஸின் அடியில் ஒரு குட்டிக் கேமரா இருக்கிறது. அது நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை தரையைப் படம் பிடித்து, முந்தின படத்தோடு ஒப்பிட்டுத்தான் எந்தப் பக்கம் நகர்ந்தோம் என்று கண்டுபிடிக்கிறது. மரத்தில் ரேகை இருக்கும், துணியில் இழை இருக்கும், காகிதத்தில் நார் இருக்கும். தெளிந்த கண்ணாடியில் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? கண்ணாடி மேலும் ஓடும் மவுஸ்கள் விலை கூடியவை. அவற்றுக்கும் கண்ணாடி குறைந்தது 4 மில்லிமீட்டர் கனம் வேண்டும் என்பார்கள். சாதாரண மவுஸுக்குக் கீழே ஒரு துணி மவுஸ்பேட் போதும். அதுவும் இல்லாதபோது தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கத்தை வைத்து நான் மாதக்கணக்கில் வேலை பார்த்திருக்கிறேன். மங்கலான அட்டை, வழுக்காமல் நன்றாக ஓடியது.

காற்றையும் மழையையும் மறந்துவிடுவது

பெட்டியில் யாரும் எழுதாத விஷயம் இது. நமக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்ததும் ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு. இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம். குளச்சல், முட்டம், மணக்குடி, கன்னியாகுமரி என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஈரத்தோடு உப்பும் சேர்ந்துகொள்ளும். ஜன்னல் கம்பி என்ன பாடு படுகிறது என்று பார்த்தாலே தெரியும். அதே காற்றுதான் மவுஸின் செல் ஸ்பிரிங்கையும் தொடுகிறது.

ஒரு மழைக்காலம் முழுக்க ஒரு மவுஸை அலமாரியில் செல்லோடு அப்படியே விட்டுவிட்டேன். உபரி மவுஸ்தானே என்று. எடுத்தபோது ஆன் ஆகவில்லை. மூடியைத் திறந்தால் செல்லின் அடியில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது, ஸ்பிரிங் பச்சைக் களிம்பு ஏறி உள்ளங்கையில் ஒட்டியது. உதறினால் ஸ்பிரிங்கின் ஒரு சுற்று உடைந்து விழுந்தது. மவுஸின் மேல்பக்கம் புதுசு போலவே இருந்தது, உள்ளே முடிந்துபோயிருந்தது. அன்று மனசு ரொம்ப வலித்தது. நல்ல மவுஸ் அது.

சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சாதா செல்லை மவுஸுக்குப் போடாதீர்கள். தீர்ந்தபின் அது சீக்கிரமே கசியும். நல்ல அல்கலைன் செல் போடுங்கள். அதையும் இரண்டு வாரத்துக்கு மேல் மவுஸைத் தொடப்போவதில்லை என்றால் கழற்றி வையுங்கள். கசிவு கொஞ்சமாக இருக்கும்போதே பார்த்துவிட்டால் காப்பாற்றலாம். அல்கலைன் கசிவு காரம். இயர்பட்டில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைக்க வேண்டும். சாதா செல்லின் கசிவு புளிப்பு வகை. அதற்குத் தண்ணீரில் கரைத்த ஆப்பசோடா. பிறகு ஈரம் இல்லாமல் துடைத்து, நன்றாகக் காயவிட்டுத்தான் புதுச் செல் போட வேண்டும். வெறும் விரலால் அந்தப் பொடியைத் தொட்டுக் கண்ணைக் கசக்கிவிடாதீர்கள்.

சார்ஜ் ஏற்றிப் போடும் செல்களும் மவுஸுக்குப் பெரும்பாலும் சரிப்படும். அவை 1.5 வோல்ட் அல்ல, 1.2 வோல்ட். அதனால் முழுசாகச் சார்ஜ் ஏற்றிப் போட்டாலும் சில மவுஸ்களில் "பேட்டரி குறைவு" என்று விளக்கு மினுக்கும். பயப்பட வேண்டாம்.

உள்ளேயே பேட்டரி வைத்து, வயர் சொருகிச் சார்ஜ் போடுகிற மவுஸ்களில் இந்த ஸ்பிரிங் தொல்லை இல்லை. கடலோரத்துக்கு நான் சொல்வது அதைத்தான். ஆனால் சார்ஜ் துளை எங்கே இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். 2015-இல் வந்த ஆப்பிள் மேஜிக் மவுஸ் 2-இல் துளை அடிப்பக்கத்தில். சார்ஜ் ஆகிற நேரம் மவுஸ் மல்லாந்து கிடக்கும், வேலை பார்க்க முடியாது. துளை முன்பக்கம் இருந்தால் சார்ஜ் போட்டபடியே ஓட்டலாம். அதுவும் டைப் சி ஆக இருந்தால் செல்போன் சார்ஜர் வயரே போதும்.

இன்னொன்று ரப்பர் பூச்சு. தொட்டால் மெத்தென்று, கடையில் ரொம்பப் பிடிக்கும். அது நம் தோட்டங்களில் வெட்டுகிற ரப்பர் இல்லை. பெரும்பாலும் பாலியூரித்தேன் என்ற பூச்சு. ஈரக்காற்றில் சில வருஷத்தில் அது சிதைந்து பிசுபிசுவென்று ஆகிவிடும். கையில் கறுப்பு ஒட்டும், தூசி முழுக்க அதில் பிடிக்கும். சாதா கட்டிப் பிளாஸ்டிக் உடம்புள்ள மவுஸை எடுங்கள். சொரசொரப்பு வேண்டுமென்றால் பிளாஸ்டிக்கிலேயே வரி போட்டது கிடைக்கும். ஒரு தடவை அழுத்தினால் இரண்டு கிளிக் விழுகிற நோய்க்கும் உள்ளே சுவிட்சின் தகடு தேய்வதும் களிம்பேறுவதும்தான் பெரும்பாலும் காரணம். வேலை முடிந்ததும் மேசை மேல் திறந்தபடி விடாமல் டிராயருக்குள் வைத்தால் அதுவே பாதிப் பராமரிப்பு.

கையை அளக்காமல் வாங்குவது

லேப்டாப் சின்னது, ஆகவே மவுஸும் சின்னதாக இருக்கணும் என்று நினைக்கிறோம். பைக்குள் இருக்கும் நேரத்தைவிட மவுஸ் நம் கைக்குள் இருக்கும் நேரம்தான் அதிகம். மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். சுமார் 17 சென்டிமீட்டருக்குக் கீழ் என்றால் சின்னக் கை, 19-க்கு மேல் என்றால் பெரிய கை. பயணத்துக்கென்று விற்கும் மவுஸ்கள் 10 சென்டிமீட்டர் அல்லது அதற்கும் குறைந்த நீளம். பெரிய கைக்காரர் அதைப் பிடித்தால் உள்ளங்கை அந்தரத்தில் தொங்கும், விரல்கள் கூனிக்கொள்ளும், சாயங்காலம் மணிக்கட்டு கடுக்கும். அவர்களுக்கு 12 சென்டிமீட்டர் பக்கம் உள்ளதுதான் சரி. சின்னக் கைக்குப் பெரிய மவுஸும் அதே அளவு கஷ்டம்; ஸ்க்ரோல் வீலை எட்ட ஒவ்வொரு தடவையும் கை முன்னே நகர வேண்டும்.

இடது கைக்காரர்கள் இரண்டு பக்கமும் ஒரே வளைவுள்ள மவுஸை வாங்குவது நல்லது. பட்டனை விண்டோஸ் செட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம், வளைவை மாற்ற முடியாது.

டி.பி.ஐ. என்பது மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் அம்பு எத்தனை புள்ளி நகரும் என்ற கணக்கு. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 1000 முதல் 1600 வரை இருந்தால் எழுத்து வேலைக்கும் எக்செலுக்கும் தாராளம். கலர் கலராக எரியும் விளக்கு செல்லைத்தான் தின்னும்.

கடையில்

கூச்சப்படாமல் பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். செல் மூடியைத் திறந்து மூடிப் பாருங்கள். அடியில் ஆன் ஆஃப் சுவிட்ச் இருக்கிறதா? இல்லாவிட்டால் பையில் ஆடும்போதெல்லாம் விழித்துச் செல்லைக் குடிக்கும். பெட்டியில் எம்.ஆர்.பி.யும், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும் அச்சாகியிருக்க வேண்டும், அது சட்டம். அந்த இடம் வெறுமையாக இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். பில் இல்லாமல் வாரண்டி கேட்க முடியாது. அந்தப் பில்லும் வெயில் பட்டால் அழியும் தாளில்தான் வரும், அன்றே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

அக்கா மகள் அந்த மவுஸைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் நாகர்கோவிலில் ஒரு கடைக்குப் போனோம். நான்கு மவுஸை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் கையை வைத்து, ஒவ்வொன்றிலும் பத்து கிளிக் போட்டாள். கடைக்காரரும் பொறுமையாக நின்றார். மூன்றாவதில் கை தானாகவே நின்றது. "மாமா, இதுதான்" என்றாள். சாம்பல் நிறம், சாதாப் பிளாஸ்டிக், முன்பக்கம் டைப் சி துளை, புளூடூத்தும் உண்டு. பில்லைப் படம் எடுத்துக்கொண்டு வடசேரியில் பஸ் ஏறினோம்.