சவுண்ட் கார்டு ரிசீவர்: அளவு திருத்தும்போது சறுக்கும் இடங்கள்

சவுண்ட் கார்டை நம்பி ஓடும் எஸ்டிஆர் (கணினி மென்பொருளே ரேடியோவாக வேலை செய்யும் முறை) மென்பொருளில் ஸ்டேஷன்கள் 100 ஹெர்ட்ஸ் தள்ளித் தெரிந்தால், பலர் முதலில் கை வைப்பது சவுண்ட் கார்டின் சாம்பிள் ரேட் திருத்தத்தில்தான். தவறு அங்கேயே ஆரம்பிக்கிறது.

இங்கே ஓடுவது இரண்டு கடிகாரங்கள். ஒன்று ரிசீவர் பலகையில் இருக்கும் ஆஸிலேட்டர், இன்னொன்று சவுண்ட் கார்டுக்குள் இருப்பது. ஆஸிலேட்டர் 10 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 10 பங்கு பிசகினால், 14 மெகாஹெர்ட்ஸில் 140 ஹெர்ட்ஸ் விலகும். சவுண்ட் கார்டு 50 பிபிஎம் பிசகினாலும், திரையின் நடுவிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும் ஸ்டேஷன் 1 ஹெர்ட்ஸ்தான் நகரும். சவுண்ட் கார்டின் பிசகு வேறு இடத்தில் மாட்டிக்கொள்ளும்: யார் அனுப்பினாலும் எஸ்எஸ்டிவி (ரேடியோ வழியே ஒலியாக அனுப்பும் நிலைப்படம்) படம் ஒரே பக்கம் சாய்ந்து வரும்.

சரி, ஆஸிலேட்டரைத் திருத்துகிறோம். அதை ஹெர்ட்ஸ் கணக்கில் போடாதீர்கள். 10 மெகாஹெர்ட்ஸில் 100 ஹெர்ட்ஸ் பிசகு என்றால் 28 மெகாஹெர்ட்ஸில் அது 280. பிபிஎம்மில் போட்டால் எல்லா பேண்டுக்கும் ஒரே எண் போதும். அமெரிக்காவின் டபிள்யூடபிள்யூவி நிலையம் 10 மெகாஹெர்ட்ஸில் தரும் நேர ஒலிபரப்பை ஏஎம்மில் கேட்டு ஒப்பிடுவதும் வீண். ஏஎம்மில் சின்ன விலகல் காதுக்குத் தெரியாது. யுஎஸ்பி முறையில் (மேல் பக்கப்பட்டை; கணினியின் யுஎஸ்பி போர்ட் அல்ல) 9.999 மெகாஹெர்ட்ஸில் வைத்தால், 10 மெகாஹெர்ட்ஸ் கேரியர் (ஒலிபரப்பின் அடிப்படை அலை) சரியாக 1000 ஹெர்ட்ஸ் கோடாக விழ வேண்டும். காதை நம்பாமல் திரையில் அளந்து பாருங்கள். அதற்கு முன் ரிசீவர் அரை மணி நேரமாவது சூடாகட்டும். ஆறிய கிரிஸ்டலில் எடுத்த எண் கொஞ்ச நேரத்தில் பொய்யாகிவிடும்.

அப்புறம் பிம்ப சிக்னல், அதாவது ஒரு ஸ்டேஷன் திரையின் நடுவுக்கு மறுபுறமும் போலியாகத் தெரிவது. ஐ, க்யூ (சவுண்ட் கார்டின் இரு சேனல்களில் வரும் இரண்டு சிக்னல்கள்) சமநிலையை எவ்வளவு திருகினாலும் பிம்பம் அசலுக்குச் சமமாகவே நிற்கிறதா? உங்கள் மைக் இன்புட் மோனோவாக, அதாவது ஒரே சேனலாக இருக்கலாம். அதற்கு எந்தத் திருத்தமும் உதவாது, ஸ்டீரியோ லைன் இன் வேண்டும். ஒரு பேண்டில் செய்த சமநிலை இன்னொன்றில் அப்படியே பொருந்தும் என்றும் எண்ண வேண்டாம்.

சிக்னலின் பலம் காட்டும் எஸ் மீட்டரைக் கடைசியில் வையுங்கள். எச்எஃப்பில் (சிற்றலை பேண்டுகளில்) எஸ்9 என்பது மைனஸ் 73 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல் அளவு). மைக் பூஸ்ட், இரைச்சல் நீக்கம், தானியங்கி ஒலியளவு எல்லாவற்றையும் அணைத்த பிறகே அளவு வையுங்கள். அதன்பின் ஒலியளவு ஸ்லைடரைக் கொஞ்சம் நகர்த்தினாலும் மீட்டரை மறுபடி முதலிலிருந்து திருத்த வேண்டியதுதான்.