நாலாவதில் தொடங்காதீர்கள்

மருதானைப் பழைய புத்தகக் கடையில் கையில் அகப்பட்டதை வாங்கிவந்து வாசித்தது நான் விட்ட பிழை. மார்ட்டின் பெக் என்ற பொலிஸ் துப்பறிவாளரைப் பற்றிய சுவீடன் நாவல்கள் மொத்தம் பத்து, 1965 முதல் 1975 வரை வந்தவை. மாய் ஷோவாலும் அவருடைய துணைவர் பெர் வாலூவும் பிள்ளைகள் படுத்த பிறகு ஆளுக்கொரு அத்தியாயமாக இருந்து எழுதியவை. எனக்குக் கிடைத்தது நாலாவது, 'த லாஃபிங் பொலிஸ்மன்'. ஸ்டொக்ஹோமில் மழை இரவொன்றில் மாடி பஸ்ஸில் இருந்தவர்களை யாரோ சுட்டுவிட்டான், செத்தவர்களில் ஒருவர் பெக்கோடு வேலை செய்த இளம் பொலிஸ்காரர். அதை நான் 100ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வரும்போது வாசித்தேன் (பொருத்தம்தான்!), ஆனால் அந்தப் பொடியன் எனக்கு யாரோ. முதல் புத்தகத்துக்குப் போய், அவன் சந்தேக நபருக்குப் பின்னால் நாட்கணக்கில் அலைவதைப் பார்த்த பிறகுதான் வயிற்றைப் பிசைந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

ஆகவே முதலாவதான 'ரோசானா'வில் தொடங்குங்கள். மொட்டாலா என்ற ஊருக்குப் பக்கத்தில், கால்வாய் மதகில் ஒரு பெண்ணின் உடலை எடுக்கிறார்கள். அவள் பெயர் தெரியவே மாதங்கள் போகின்றன. திருப்பம் எங்கே என்று பக்கம் புரட்டினால் எரிச்சல்தான் மிஞ்சும். பொலிஸ்காரர்கள் காத்திருப்பதுதான் கதை. அவள் போன கப்பலில் இருந்த உல்லாசப் பயணிகள் எடுத்த படங்களை நாடு நாடாகக் கேட்டு வாங்கி, அதில் ஏதோ ஒரு மூலையில் அவள் நிற்கிறாளா என்று தேடுகிறார்களே, அந்த இடத்தை ஆறுதலாக வாசியுங்கள், தேத்தண்ணி ஆறினாலும் பரவாயில்லை.

பெயர்கள் குழப்பும். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஆளுக்கொரு வரி எழுதி வைத்தால் போதும்: பெக் - வயிற்றுக் கோளாறு, மாதிரிக் கப்பல் செய்பவர்; கொல்பெர்க் - பெக்கின் கூட்டாளி; மெலாண்டர் - எதையும் மறக்காதவர், தேடினால் எப்போதும் கக்கூஸில். ரெண்டாவது புத்தகம் முடியும்போது கொப்பி தேவைப்படாது.

அப்புறம், ஒரே மூச்சில் பத்தையும் முடிக்காதீர்கள். பெக்கின் குடும்ப வாழ்க்கை புத்தகத்துக்குப் புத்தகம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விரிசல் விடுகிறது, அதற்கு இடைவெளி வேண்டும். நான் மாதம் ஒன்று என்று வைத்திருக்கிறேன். பத்தாவது மட்டும் இன்னும் அலுமாரிக்கு மேலே பொலித்தீன் பையில் கிடக்கிறது. வாலூ 1975இல் இறந்துவிட்டார், பதினோராவது இல்லை.