உறைபனிக் காலையில் விழாத செகண்ட் கியர்: கியர் ஆயில் வாங்கும்போது செய்யும் தவறுகள்

ஜனவரியில் ஊட்டியை அடுத்த தலைகுந்தாப் பக்கம் விடியற்காலை ஐந்தரைக்கு வண்டி எடுக்கிறவர்களுக்கு இது தெரிந்த கதைதான். கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டி, எஞ்சினையும் ஒருவழியாகக் கிளப்பிவிடுவோம். ஃபர்ஸ்ட் கியர் விழும். செகண்டுக்குத் தள்ளினால் லிவர் களிக்குள் விட்ட கரண்டி மாதிரி நிற்கும். கொஞ்சம் அழுத்தினால் ‘கர்ர்’. பக்கத்தில் நிற்கிறவர் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்: “ஆயில் உறைஞ்சு போச்சுங்க, மாத்திடுங்க.”

உறையவில்லை. தடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையை நம்பிக் கடைக்குப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் தப்பான டப்பாவோடு திரும்புகிறார்கள்.

டப்பாவில் 75டபிள்யூ-90 என்று இருக்கும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதையும், பின்னால் இருப்பது 100 டிகிரி சூட்டில் அதன் தடிமனையும் சொல்கிறது. ஆயில் தடிமனுக்கு அளவு வகுக்கும் எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பின் கணக்குப்படி 75டபிள்யூ ஆயில் மைனஸ் 40 டிகிரியிலும், 80டபிள்யூ மைனஸ் 26-லும், 85டபிள்யூ மைனஸ் 12-லும் 1,50,000 சென்டிபாய்ஸைத் (தடிமனை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது. தண்ணீரின் தடிமன் ஏறக்குறைய ஒரு சென்டிபாய்ஸ் என்று வைத்துப் பாருங்கள், அந்த எண் எவ்வளவு பெரிதென்று புரியும்.

இங்கே ஒரு சந்தேகம் வரவேண்டும். ஊட்டியில் வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு டிகிரி போனாலே பேப்பரில் படத்தோடு செய்தி வரும். மைனஸ் 26 வரை தாங்கும் 80டபிள்யூ ஊற்றியும் நமக்கு ஏன் லிவர் கனக்கிறது? காரணம், அந்த 1,50,000 என்ற வரம்பு நம் கை வலிக்காமல் இருப்பதற்காக வைத்ததே இல்லை. பின் அச்சில் உள்ள பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேராமல் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. கார் கியர்பாக்ஸில் கியர் இலகுவாக விழ வேண்டுமென்றால் ஆயில் அதைவிடப் பலமடங்கு இளகலாக இருக்கவேண்டும். 20,000 சென்டிபாய்ஸ் அளவில் என்று சொல்வார்கள். ஆகவே, ‘மைனஸ் 26 வரை தாங்கும்’ என்பது வண்டி கெடாது என்பதற்கு உத்தரவாதம். காலை ஐந்தரைக்குக் கியர் சுகமாக விழும் என்பதற்கு அல்ல.

இதைவிட மோசம், டபிள்யூ எழுத்தே இல்லாத ஆயிலை வாங்குவது. நம் ஊர்க் கடைகளில் ‘இபி 90’ என்று கேட்டால் சட்டென்று எடுத்துக் கொடுப்பார்கள். சமவெளியில் அது ஒழுங்காகவே ஓடும். ஆனால் வெறும் 90 என்று மட்டும் இருந்தால், குளிரைப் பற்றி அந்த டப்பா எந்த வாக்குறுதியும் தரவில்லை என்று அர்த்தம். பழைய ஜீப்பில் கியர் சத்தம் வருகிறதென்று 140 ஊற்றிவிடும் வழக்கமும் உண்டு. சத்தம் கொஞ்சம் அடங்கும், மார்கழியில் லிவரும் சேர்ந்து அடங்கும்.

எஞ்சின் ஆயில் எண்ணோடு கியர் ஆயில் எண்ணை ஒப்பிடுவதும் வேண்டாம். இரண்டும் வேறு வேறு அளவுகோல். கியர் ஆயிலின் 90, எஞ்சின் ஆயிலில் ஏறக்குறைய 40 அல்லது 50 தடிமனுக்குச் சமம்.

சரி, குளிரே காரணமில்லாத தவறு ஒன்று இருக்கிறது. நானே செய்தது. பழைய கார் ஒன்று வாங்கிய புதிதில் கீழே சமவெளியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கியர் ஆயில் மாற்றினேன். டப்பாவில் தடிமன் எண்ணோடு ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று இன்னொரு குறியும் இருக்கும். “நாலை விட அஞ்சு உசத்தி சார்” என்று ஜிஎல்-5 ஊற்றினார்கள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அந்தக் குளிர்காலம் முழுக்க செகண்ட் கியர் கர்ரென்றது, பழியைப் பனிமேல் போட்டேன். மார்ச் வந்தது, வெயில் வந்தது, கர்ர் போகவில்லை.

ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை தரவரிசை இல்லை, வேலைப் பிரிவினை. ஜிஎல்-5 பின் அச்சில் இருக்கும் ஹைபாய்டு என்ற, அச்சு விலகிப் பொருந்தும் பல்சக்கரங்களுக்கானது. அங்கே பல்லோடு பல் கடுமையாகச் சறுக்கி உரசும் என்பதால் கந்தகம், பாஸ்பரஸ் சேர்ந்த மருந்தை ஜிஎல்-4-ல் இருப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு போடுகிறார்கள். கியர்பாக்ஸுக்குள் கதை நேர் எதிர். கியர் மாற்றும்போது பித்தளை சிங்க்ரோ ரிங் கூம்பின் மேல் உட்கார்ந்து பிடித்து, இரண்டு பக்க வேகத்தையும் ஒன்றாக்க வேண்டும். பிடிப்பதற்கு உரசல் தேவை. ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினால் ரிங் பிடிக்காமல் நழுவும், பல் மோதும். போதாததற்கு அந்தக் கந்தகம் சூட்டில் பித்தளையையும் அரிக்கக்கூடும். தெரிந்த மெக்கானிக் அண்ணா ஒருவர் ஆயிலை வடித்துவிட்டு 75டபிள்யூ-90 ஜிஎல்-4 ஊற்றினார். முக்கால்வாசி சரியாகிவிட்டது. மீதி கால்வாசி தேய்ந்த ரிங்கின் கணக்கு, அதை எந்த ஆயிலும் திருப்பித் தராது.

ஜீப், பிக்கப் வைத்திருப்பவர்கள் இதையே தலைகீழாகவும் செய்துவிடக் கூடாது. கியர்பாக்ஸுக்கு வாங்கிய ஜிஎல்-4-ல் மிச்சம் இருக்கிறதே என்று பின் டிஃபரன்ஷியலில், அதாவது பின் அச்சின் பல்சக்கரப் பெட்டியில், ஊற்றினால் ஹைபாய்டு பல் தேய்ந்துபோகும். இரண்டு பெட்டி, இரண்டு ஆயில். முன்சக்கரத்தால் ஓடும் பெரும்பாலான கார்களில் டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸோடு ஒரே கூட்டுக்குள் இருக்கும், அங்கே ஹைபாய்டு கிடையாது, ஒரே ஆயில் போதும். எதுவானாலும் வண்டியோடு வந்த புத்தகம் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

குளிருக்குப் பயந்து ரொம்ப இளகலாகப் போவது அடுத்த கோடி. நம் வண்டிகள் லடாக்கில் ஓடவில்லை. கேத்தியில் கேரட் ஏற்றிய பிக்கப், பனியில் கிளம்பி இரண்டு மூன்று மணி நேரத்தில் மேட்டுப்பாளையம் மண்டியில் வியர்க்க வியர்க்க நிற்கும். ஊட்டி 2,240 மீட்டர், மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். இறங்கும்போது முழுக்க எஞ்சின் பிரேக்கிங், ஏறும்போது செகண்டிலேயே முனகல், இரண்டுமே கியர்பாக்ஸைச் சூடாக்கும். புத்தகத்தில் 90 என்று இருக்கும்போது 75டபிள்யூ-80 ஊற்றினால் காலையில் சுகமாக இருக்கும், மசினகுடி சாலையில் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வரும்போது பல்லுக்கு நடுவே படலம் போதாது. 75டபிள்யூ-90 நமக்குப் பொருந்துவது இதனால்தான்: சூட்டில் 80டபிள்யூ-90-ன் அதே தடிமன், குளிரில் மட்டும் இளகல். பெரும்பாலும் சிந்தெடிக், விலை கூடுதல். புத்தகம் 80டபிள்யூ-90-ஐச் சொல்லி, வண்டியும் குன்னூரிலோ அதற்குக் கீழேயோ இருந்தால், அந்தக் கூடுதல் காசை நான் செலவழிக்க மாட்டேன்.

ஆயிலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்துவிடும் பழைய வைத்தியத்தை இன்னும் சிலர் சொல்கிறார்கள். வேண்டவே வேண்டாம்.

ஆயிலைக் குறை சொல்வதற்கு முன் கிளட்ச்சைப் பாருங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அணைத்தால் சுலபமாக விழுகிறது, ஓடும்போது மட்டும் முரண்டு பிடிக்கிறது என்றால் கிளட்ச் முழுதாக விடவில்லை. அணைத்த வண்டியிலும் லிவர் கனத்தால் ஆயில்மேல் சந்தேகப்படலாம்.

அப்புறம் காலையில் வண்டியைச் சூடாக்கும் விஷயம். பலர் கிளட்ச்சை மிதித்தபடியே எஞ்சினை ஓடவிடுகிறார்கள். மிதித்திருந்தால் கியர்பாக்ஸின் உள்தண்டு சுற்றாது, ஆயில் கலங்காது. நியூட்ரலில் போட்டு, கிளட்ச்சிலிருந்து காலை எடுத்து ஒரு நிமிடம் விட்டால் போதும். முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு செகண்டை அவசரமாகத் தள்ளாமல், ஒரு மூச்சு நிறுத்திப் போடுங்கள்.

நீங்களே ஆயில் மாற்றுவதாக இருந்தால் மலையில் ஒரு தனித் தொல்லை உண்டு. சம தரை கிடைக்காது. சரிவில் நிறுத்திய வண்டியில் லெவல் பிளக்கின் ஓட்டை வரை ஊற்றினால், வண்டி சாய்ந்திருக்கும் பக்கத்தைப் பொறுத்து ஆயில் கூடவோ குறையவோ செய்யும். கூடினால் நுரைத்து சீல் வழியாகக் கசியும், குறைந்தால் பல் தேயும். பெட்ரோல் பங்க் மாதிரி சமமான இடம் தேடுங்கள். கீழே வடிக்கும் பிளக்கில் ஸ்பேனர் வைப்பதற்கு முன், மேலே ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் வடித்த பிறகு அது துருப்பிடித்து அசையாமல் இருந்தால் வண்டி அங்கேயே நிற்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் திங்கள் காலை மெக்கானிக் வரும்வரை.