எலி கேட்கமுன் ஆர்டீமியா: மூலிகைச் சாற்றின் நச்சுத்தன்மையைப் பார்க்கும் முறை

வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ பல்கலைக்கழக இறுதியாண்டு ஆய்வுக்கு ஒரு மூலிகையை எடுக்கப் போகிறீர்களென்றால், எலி கேட்டு விண்ணப்பம் எழுதுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். சாறு நஞ்சா, எந்தச் செறிவிலிருந்து நஞ்சு என்று முதலில் சலித்துப் பார்க்க எலி தேவையில்லை. நோவை உணரும் ஓர் உயிரைக் கூட்டில் அடைத்து நஞ்சூட்ட வேண்டுமென்றால், வேறு வழி இல்லை என்று காட்டவேண்டிய பொறுப்பு நம்முடையது. விலங்குப் பரிசோதனைக்கென ரஸல், பேர்ச் என்ற ஆய்வாளர்கள் 1959 இல் வகுத்த மூன்று நெறிகளில் (மாற்றுவழி தேடுதல், எண்ணிக்கை குறைத்தல், வேதனை தணித்தல்) முதலில் நிற்பது மாற்றுவழிதான்.

இறால் பொரிப்பகங்களில் குஞ்சுகளுக்குத் தீனியாகப் போடும் ஆர்டீமியா (உப்புநீரில் வாழும், இறால் போன்ற மிகச் சிறிய உயிர்) முட்டை இதற்குப் போதும். நல்ல முட்டை 1 கிராமில் இரண்டு இலட்சத்துக்கு மேல் பொரிக்கும். உங்களுக்குத் தேவை 120 குஞ்சுதான், ஆகவே 0.1 கிராமுக்கு மேல் போடாதீர்கள். தேவைக்கு மேல் எந்த உயிரையும் பொரிக்க வைப்பது சரியல்ல.

கடற்கரையில் எடுத்த கடல்நீரை வடிகட்டுங்கள். வாவித் தண்ணீர் வேண்டாம்: மாரியில் அதன் உப்பு இறங்கிவிடும், ஒரு முறை வந்த முடிவு மறுமுறை வராது. அரை லீற்றர் நீரில் முட்டையைப் போட்டு, மீன்தொட்டிக் காற்றுப் பம்பியை வைத்து, 28 பாகை அளவில் வெளிச்சத்தில் 24 முதல் 36 மணிநேரம் விடுங்கள். நேர் வெயில் படும் ஜன்னலோரம் கூடாது. பிறகு பம்பியை நிறுத்தி, பாத்திரத்தைக் கறுப்புத் தாளால் மூடி, ஒரு மூலையில் மட்டும் டோர்ச் அடியுங்கள். கோதுகள் மேலே மிதக்க, செம்மஞ்சள் புள்ளிகளாகக் குஞ்சுகள் வெளிச்சத்துக்கு வந்து கூடும். துளிசொட்டியால் அங்கிருந்தே எடுக்கலாம்.

சாற்றை டிஎம்எஸ்ஓ கரைப்பானில் மில்லிலீற்றருக்கு 100, 10, 1 மில்லிகிராம் என மூன்று கரைசலாக்குங்கள். ஒவ்வொரு குப்பியிலும் 4 மில்லிலீற்றர் கடல்நீர், அதில் 50 மைக்ரோலீற்றர் கரைசல். நன்றாகக் குலுக்கிய பிறகே 10 குஞ்சுகளை விட்டு, 5 மில்லிலீற்றருக்கு நிரப்புங்கள். குஞ்சை முதலில் விட்டால், கலக்காத கரைப்பான் பட்டே சாகும். பழி சாற்றின்மேல் விழும். இறுதிச் செறிவு மில்லிலீற்றருக்கு 1000, 100, 10 மைக்ரோகிராம், கரைப்பான் எல்லாவற்றிலும் 1 வீதம். செறிவுக்கு மூன்று குப்பி, கரைப்பான் மட்டும் விட்ட ஒப்பீட்டுக் குப்பி மூன்று, மொத்தம் பன்னிரண்டு.

24 மணிநேரம் கழித்து, பின்னால் கறுப்புத் தாள் பிடித்துப் பூதக்கண்ணாடியால் எண்ணுங்கள். பத்து விநாடி அசையாதது இறந்தது. ஒப்பீட்டுக் குப்பியில் பத்தில் ஒன்றுக்கு மேல் இறந்திருந்தால் அந்தச் சுற்று முழுவதையும் தள்ளிவிடுங்கள். துவர்ப்புச் சாறுகள் நீரைப் புளிப்பாக்கியும் கொல்லும், அதனால் பிஎச் (நீரின் அமிலத்தன்மை அளவு) பார்க்காமல் "நஞ்சு" என்று எழுதாதீர்கள். குப்பியடியில் வீழ்படிவு கிடந்தால், குஞ்சுக்குக் கிடைத்தது நீங்கள் எழுதிய செறிவு அல்ல. பாதிக் குஞ்சுகளைக் கொல்லும் செறிவு 1000 க்கு மேலென்றால் இந்தச் சோதனையில் நஞ்சற்றது என்பார்கள். மனிதருக்குப் பாதுகாப்பானது என்று அதற்குப் பொருளில்லை; ஈரலில் மாறி நஞ்சாகும் பொருளை இது காட்டாது.

அதற்குப் பிறகும் எலி தேவைப்பட்டால், 1927 இல் ட்ரெவன் கொண்டுவந்த, பாதி எலிகள் சாகும் அளவைத் தேடும் பழைய முறையைக் கேட்காதீர்கள். அதற்கான ஓஈசிடி (பல நாடுகளுக்கான சோதனை வழிகாட்டிகளை வெளியிடும் அமைப்பு) வழிகாட்டி 401 ஐ 2002 இல் நீக்கிவிட்டார்கள். வழிகாட்டி 423 இன்படி சோதனையின் ஒரு கட்டத்துக்கு மூன்று எலிதான். விண்ணப்பத்தில் ஆர்டீமியா முடிவை இணைத்து, எந்த அறிகுறி கண்டால் எலியை வேதனையின்றி முடிப்பீர்கள், அதை யார் செய்வார், இரவில் யார் பார்ப்பார் என்று எழுதுங்கள். ஒழுக்கநெறிக் குழு கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

மிஞ்சிய குஞ்சுகளையும் முட்டையையும் கொதிநீர் ஊற்றி அழியுங்கள். வெளியிலிருந்து வந்த உயிர், வாவியில் கொட்டக் கூடாது.