‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தைக் கேட்பது எப்படி: முதலில் ஆர்கனைப் பிடியுங்கள்

டீப் பர்ப்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘மெஷின் ஹெட்’ 1972 மார்ச் மாதம் வெளிவந்தது. மொத்தம் 7 பாட்டு, 40 நிமிடத்துக்கும் குறைவு. புதிதாகக் கேட்பவர்கள் பெரும்பாலும் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பாட்டின் ரிஃப்போடு (திரும்பத் திரும்ப வரும் சிறிய இசைத்துணுக்கு) நின்றுவிடுகிறார்கள். மற்றதெல்லாம் ஒரே கிடார் இரைச்சல் என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். அந்த இரைச்சலில் பாதி கிடாரே இல்லை. அது குழுவின் கீபோர்டு கலைஞர் ஜான் லார்டின் ஹேமண்ட் ஆர்கன், அதாவது மின்சார ஆர்கன். அதைத் தனியாகப் பிரித்துக் கேட்கத் தெரிந்துவிட்டால் முழு ஆல்பமும் திறந்துகொள்ளும். எனக்கு அப்படித்தான் திறந்தது.

படி 1: சரியான பதிப்பு

செயலியில் தேடினால் இந்த ஆல்பம் பல வடிவங்களில் வரும். 1997-இல் வந்த 25ஆம் ஆண்டுப் பதிப்பில் குழுவில் பாஸ் கிடார் வாசித்த ராஜர் குளோவரே செய்த புதிய கலவை (தனித்தனியாகப் பதிவான வாத்தியங்களைச் சேர்த்து அமைப்பது) இருக்கிறது. 2024 பெரிய பதிப்பில் ட்வீசில் ஸாப்பா செய்த கலவை இருக்கிறது. இரண்டும் நல்ல வேலைதான், ஆனால் முதல் தடவைக்கு வேண்டாம். வாத்தியங்களின் அளவும் இடமும் அவற்றில் மாறியிருக்கும். பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் ‘ரீமிக்ஸ்’ என்று இருந்தால் தள்ளிவையுங்கள். ‘ரீமாஸ்டர்’ என்றால் தாராளமாகக் கேட்கலாம், கலவை பழையதுதான், ஒலியை மட்டும் துலக்கியிருப்பார்கள்.

படி 2: ஹெட்ஃபோன்

வயர் உள்ள சாதாரண ஹெட்ஃபோன் போதும். விலை முக்கியமில்லை, இரண்டு காதிலும் இருப்பதுதான் முக்கியம். ஒரு பக்கத்தை நண்பருக்குக் கொடுத்தால் பாதி வாத்தியம் அவரோடு போய்விடும். ‘பாஸ் பூஸ்ட்’ மாதிரி ஈக்வலைசர் அமைப்பு ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள். இந்த ஆல்பத்தின் உயிர் நடுத்தர ஸ்தாயியில் இருக்கிறது. கீழ் ஒலியை ஏற்றினால் அதுதான் முதலில் மூழ்கும். ஷஃபிளையும் அணைக்க வேண்டும்.

படி 3: ஆர்கனைப் பிடிப்பது

சிக்கல் இங்கேதான். எனக்கும் வெகு நாள் பிடிபடாத இடம் இது என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஹேமண்ட் ஆர்கனை வழக்கமாக லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக ஒலிக்கவிடுவார்கள். உள்ளே கொம்பு சுழலும், ஒலி அலைந்து அலைந்து வரும், தேவாலயத்திலும் ஜாஸிலும் கேட்பது அந்த ஒலி. லார்ட் தன் ஆர்கனை கிடார்காரர்கள் பயன்படுத்தும் மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் இணைத்தார். அதனால் ஒலி உடைந்து, உறுமலாக வரும். குழுவின் கிடார்காரர் ரிச்சி பிளாக்மோரின் கிடாரும் அதே ரகத்தில் உறுமுகிறது. காது இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதில் வியப்பே இல்லை.

பிரிக்கும் வழி இதுதான். ஆறாவது பாட்டான ‘லேஸி’யை முதலில் போடுங்கள். தொடக்கத்தில் ஆர்கன் தனியாகத்தான் வருகிறது. ஆற அமர உறுமிக்கொண்டு, நடுநடுவே தெறித்துக்கொண்டு போகும். அந்தப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். ஆர்கனில் விசையை அழுத்தியிருக்கும் வரை ஸ்வரம் அதே பலத்தோடு நிற்கும், விட்டதும் அறுந்துவிடும். கிடாரில் மீட்டிய கணத்தில் ஒலி எழுந்து பிறகு தேயும். இன்னொரு அடையாளம் இன்னும் எளிது: பிளாக்மோர் தந்தியை இழுத்து ஸ்வரத்தை வளைப்பார், லார்டின் விசையில் அது முடியாது. ஆர்மோனியத்தில் வீணையின் கமகம் வராது என்போமே, அதே கணக்கு. ஸ்வரம் வழுக்கிக்கொண்டு மேலேறினால் கிடார். படி படியாகத் தாவினால் ஆர்கன்.

இது ஓரளவு பிடிபட்டதும் ‘ஹைவே ஸ்டார்’ போடுங்கள். இரண்டு பேருக்கும் தனித்தனி சோலோ, அதாவது தனி வாசிப்பு, உண்டு. முதலில் வருவது லார்ட். அதைக் கிடார் என்று நினைத்தே பலர் ரசிக்கிறார்கள்! பிறகு இன்னொரு சரணம், அதன் பின்னால் பிளாக்மோர். இரண்டிலும் பாரோக் காலத்து (பாக் வாழ்ந்த காலம்) ஐரோப்பியச் செவ்வியல் இசையின் சாயல் இருக்கிறது. லார்ட் செவ்வியல் பியானோ படித்தவர், அது விரல் ஓட்டத்தில் தெரியும். என்னைக் கேட்டால், கிடார் சோலோவுக்குக் கிடைத்த புகழில் பாதியாவது அந்த ஆர்கன் சோலோவுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

படி 4: இப்போது ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’

தெரிந்த பாட்டுதானே என்று தாண்ட வேண்டாம். ரிஃப் முதலில் கிடாரில் தனியாக வரும். பிளாக்மோர் பிக் (தந்தி மீட்டும் சிறு தகடு) இல்லாமல், இரண்டு தந்திகளை விரலால் சேர்த்து மீட்டுகிறார். பிறகு ஹை-ஹாட்டும் (டிரம்ஸில் இருக்கும் ஜோடித் தாளத் தட்டு) ஆர்கனும் சேரும். ரிஃப் சட்டென்று தடிமனாகிற அந்த இடம்தான் நீங்கள் கவனிக்க வேண்டியது, தடிமனாக்குவது லார்ட். அப்புறம் இயன் பெய்ஸின் முழு டிரம்ஸ், கடைசியில் பாஸ். நான்கு பேரும் இப்படி ஒவ்வொருவராக நுழைந்த பிறகுதான் பாடகர் இயன் கில்லன் பாடத் தொடங்குகிறார்.

பாட்டின் கதை நடந்தது. 1971 டிசம்பர் 4 அன்று, ஸ்விட்சர்லாந்தின் மோன்த்ரோ நகரில், ஜெனீவா ஏரிக்கரையில் இருந்த காசினோவில் அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி. கூட்டத்தில் ஒருவர் ஃபிளேர் துப்பாக்கியை (ஆபத்துச் சைகைக்கு ஒளிக்குண்டு சுடுவது) சுட, கட்டடமே எரிந்துபோனது. அங்கேதான் டீப் பர்ப்பிள் இந்த ஆல்பத்தைப் பதிவுசெய்வதாக இருந்தது. ஏரியின் மேல் பரவிய புகைதான் பாட்டின் தலைப்பு. ஸாப்பாவின் மகன்தான் மேலே சொன்ன ட்வீசில்.

காசினோ போனதும் வேறொரு அரங்கில் தொடங்கினார்கள். இரைச்சல் தாங்காமல் ஊர்க்காரர்கள் புகார் செய்ய, காவலர்கள் வந்துவிட்டார்கள். கடைசியில் குளிர்காலத்துக்காக மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டலின் தாழ்வாரத்தில் மெத்தைகளை நிறுத்தி வைத்துப் பதிவு நடந்தது. பதிவுக் கருவிகள் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் வண்டியில் வெளியே நின்றன, ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பிர்ச். வாசித்ததைக் கேட்க வேண்டுமென்றால் அறைகளையும் பால்கனிகளையும் கடந்து வண்டிக்குப் போக வேண்டும். ஒரு கட்டத்தில் போவதையே நிறுத்திவிட்டார்கள். ஐந்து பேர் ஒரே இடத்தில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிக்கிற சூடு ஆல்பம் முழுக்க இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

படி 5: முதலிலிருந்து கடைசி வரை

இப்போது வரிசைப்படி கேளுங்கள். ‘மேபி ஐம் அ லியோ’ ரிஃப் தாளத்தின் முதல் தட்டில் எடுக்காமல் தள்ளி எடுக்கும், காலால் தட்டிக்கொண்டே கேட்டால் பிடிபடும். ‘பிக்சர்ஸ் ஆஃப் ஹோம்’ பெய்ஸின் டிரம்ஸில் தொடங்குகிறது, நடுவில் குளோவருக்குச் சிறிய பாஸ் சோலோ இருக்கிறது. பாட்டு முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது திரும்பி வரும், அவசரப்பட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். ‘நெவர் பிஃபோர்’ எனக்குச் சுமார்தான். ‘லேஸி’யில் குரல் வர நாலு நிமிடத்துக்கு மேல் ஆகும், இப்போது அந்தக் காத்திருப்பு நீளமாகத் தோன்றாது. ஹார்மோனிகா வாசிப்பது கில்லன். ‘ஸ்பேஸ் ட்ரக்கின்’ பாட்டின் ரிஃப்பை ஆர்கன் எப்படித் தாங்குகிறது என்று நீங்களே கண்டுபிடியுங்கள்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்ட இரண்டு கேள்விகள்.

‘வென் அ பிளைண்ட் மேன் கிரைஸ்’ ஏன் என் பட்டியலில் இல்லை? அதே நாட்களில் பதிவானதுதான், ஆனால் ஆல்பத்தில் சேர்க்காமல் ‘நெவர் பிஃபோர்’ சிங்கிளின் (தனிப்பாட்டாக வெளியிட்ட சிறிய இசைத்தட்டு) பின்பக்கத்தில் போட்டார்கள். பிந்தைய பதிப்புகளில் சேர்த்திருக்கிறார்கள். அருமையான பாட்டு, தனியாகக் கேளுங்கள்.

அடுத்து என்ன? ‘மேட் இன் ஜப்பான்’. 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் நடந்த கச்சேரிகளின் பதிவு. இங்கே நாலரை நிமிடம் ஓடும் ‘ஸ்பேஸ் ட்ரக்கின்’ அங்கே கிட்டத்தட்ட 20 நிமிடம். படி 3 நன்றாகப் பிடிபட்ட பிறகு போடுங்கள், அதில் லார்டைப் பின்தொடர்வது தனி சுகம்.